அம்மை வந்ததற்கு அத்தாட்சி

மருத்துவக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்ததும் ஓர் அறிவிப்பு வந்தது. சேருவதற்கு முன் என் உடம்பைப் பற்றி நான் நிரூபிக்க வேண்டியவை ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தன. கண் சரியாகத் தெரிய வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருக்க வேண்டும். மஞ்சள் காமாலை ஊசி போட்டிருக்க வேண்டும். கடைசியாகச் சின்னம்மை. இரண்டு தவணை தடுப்பூசிக்குச் சான்றிதழ், அல்லது அந்த நோய் ஏற்கெனவே வந்து போனதற்கு ஒரு மருத்துவரின் சான்றிதழ்.

அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நிம்மதியாகச் சிரித்தார். "ஒனக்குத்தான் ரெண்டாங்கிளாஸ்லயே அம்மை போட்டுருச்சே பாப்பா. அந்த வேல முடிஞ்சுபோச்சு."

அப்பாவுக்குப் பள்ளிவாசல் எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து பறிப்பவள். எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போகிற முதல் ஆள் நான்தான். நோய் வந்து போனதை ஒரு தகுதியாகக் கேட்கிற இடம் உலகத்தில் இருக்கிறது என்பதே எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தத் தகுதி என்னிடம் தாராளமாக இருந்தது.

கல்லூரி பாலக்காட்டுப் பக்கம். முதல் பஸ்ஸைப் பிடித்து மலையிறங்கிப் போனோம். சான்றிதழ் சரிபார்க்கும் மண்டபத்தில் எங்களுக்கு முன்னால் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது. நெல்லும் தென்னையுமாக நிறைய பூமி உள்ளவர்கள் என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. வெள்ளை வேட்டியில் அப்பா, பட்டுப்புடவையில் அம்மா, டாக்டர் மாமா ஒருவர், நடுவில் என் வயதுப் பெண். அவள் கையிலிருந்த ஃபைல் கல்யாண ஆல்பம் மாதிரி கனமாக இருந்தது. ஒவ்வொரு சான்றிதழும் பிளாஸ்டிக் உறைக்குள். மேஜைக்குப் பின்னாலிருந்த கிளார்க் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டும்போது அவர் முகத்தில் பக்தி கூடிக்கொண்டே போனது. "கண்டோ? இதுதான் ஃபைல்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு எங்கள் முறை. அப்பா தேயிலைக் கம்பெனி பையிலிருந்து காகிதங்களை எடுத்து வைத்தார். எல்லாம் ஓடி முடிந்து சின்னம்மையில் வந்து நின்றது.

"சிக்கன் பாக்ஸ் வாக்சின் எவிடே?"

"போடல சார். எனக்கு அம்மையே வந்துருச்சு."

"எந்த டாக்டர் பார்த்தது?"

அப்பா முன்னால் குனிந்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பணிவாகச் சொன்னார். "டாக்டரெல்லாம் பாக்கல சார். மாரியம்மாதான் பாத்துக்கிட்டா."

கிளார்க் பேனாவை அந்தரத்தில் நிறுத்தினார். "அவங்களுக்கு ரெஜிஸ்டர் நம்பர் உண்டோ?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு தன்மேல்தான் என்று அவருக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தும் எனக்காகச் சிரித்தாரோ, இன்றுவரை நான் கேட்கவில்லை.

நான் முன்முடியை ஒதுக்கி நெற்றியிலிருந்த குழியைக் காட்டினேன். கழுத்தில் ஒன்று, முழங்கையில் ஒன்று. கிளார்க் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அதில் சமூக மருத்துவம் கற்பிக்கும் டாக்டர் உட்கார்ந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். நோய்கள் ஊருக்குள் எப்படிப் பரவுகின்றன என்று எங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர். என் நெற்றி அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தலையைத் தூக்காமலே தீர்ப்பு சொன்னார்.

"டாக்குமென்ட் இல்லன்னா இம்யூனிட்டியும் இல்ல."

என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் சான்று கொண்டுவர வேண்டும்.

விடுதியில் அந்தச் சித்தூர்ப் பெண்ணும் நானும் ஒரே அறை என்று போட்டிருந்தது. அவள் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதே வராந்தாவில் அவள் அப்பா வார்டனிடம் பேசுவது கேட்டது. குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். அந்தப் புள்ள ஊசி எதுவும் போடலைங்க. எஸ்டேட்டுக்காரங்க பாருங்க, லயத்துல நெருக்கியடிச்சு இருக்கறவங்க. என்னென்ன இருக்குமோ நமக்குத் தெரியாதுங்க. எம்பட புள்ளைய வேற பக்கம் போட்டுருங்க."

என் அப்பா படிக்கட்டில் என் படுக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. படுக்கையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார், அவ்வளவுதான்.

வார்டன் மலையாளி அம்மா. நல்லவர், ஆனால் வேட்டி வெளுப்பாக இருந்தால் அவருக்கு மறுத்துப் பேச வராது. "மோளே, கொஞ்ச நாளைக்கு மட்டும்" என்று சொல்லி என்னைக் கீழ்த்தளத்தின் கடைசியிலிருந்த நோயாளிகள் அறைக்கு அனுப்பினார். விடுதியில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஒதுக்கி வைப்பதற்கான அறை அது. கதவில் சிவப்பு எழுத்தில் பலகை. அந்தக் கட்டடத்திலேயே சின்னம்மை வர வாய்ப்பில்லாத என்னை, சின்னம்மைக்குப் பயந்து, நோயாளி அறையில் ஒதுக்கிவைத்தார்கள். முதல் வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் என் எதிரில் யாரும் உட்காரவில்லை. தோள்பட்டையைத் தொட்டுப் பேசுகிற வயது எல்லோருக்கும். என்னிடம் மட்டும் ஒரு கை தள்ளி நின்று பேசினார்கள். எல்லாரும் நாளைய டாக்டர்கள்.

முதல் விடுமுறையிலேயே சான்று தேடி ஊருக்குப் போனேன். எனக்கு அம்மை வந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று கேள்விப்பட்டதும் லயத்துப் பெண்கள் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"நான் வந்து சொல்லுதேன். எங் கண்ணால பாத்தேன்" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. "ஒடம்பு முழுக்க முத்து முத்தா. நாந்தான் வேப்பிலை கொண்டுவந்தேன்."

"ஏட்டி, நீ எங்க கொண்டுவந்தே?" என்று அம்மா பாய்ந்தாள். "இந்தக் குளிருல வேம்பு எங்க மொளைக்கு? போடியில இருந்து பஸ்ஸு டிரைவரு அண்ணன் வண்டி மேல போட்டுக் கொண்டாந்தாரு."

"அது ஒன் மவனுக்கு வந்தப்போ. இவளுக்கு நாந்தான்."

"இவளுக்கு வந்தது சின்னம்மையே இல்ல, தட்டம்மை" என்று மூன்றாவது குரல் ஒன்று பின்னாலிருந்து கிளம்பியது. உடனே சபை இரண்டாகப் பிரிந்தது. தட்டம்மைக் கட்சிக்கு ஆதரவு கூடிக்கொண்டே போனது. என் மருத்துவப் படிப்பு வேப்பிலை யார் கொண்டுவந்தது என்ற வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மா என் நெற்றிக் குழியில் விரலை வைத்து, "தட்டம்மைக்குக் குழி விழுமா ஏட்டி?" என்று கேட்டதும் எதிர்க்கட்சி அடங்கியது.

எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனோம். புதிதாக வந்திருந்த இளம் டாக்டர், பெண். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். "அப்போ இங்க காட்டலையா?" என்றாள்.

"அம்மை போட்டா டாக்டர்கிட்டக் காட்ட மாட்டோங்க" என்றாள் அம்மா, கொஞ்சம் கண்டிப்பாக. "அவ கோவிச்சுக்குவா."

அதைக் கேட்டு நானும் கொஞ்சம் கூசினேன். எங்கள் பக்கமும் கேலிக்குக் குறைவில்லை. ஊரில் டிஸ்பென்சரி இருக்க, பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வோம். பத்து வருஷம் கழித்து அதே டிஸ்பென்சரிக்குப் போய்க் கையெழுத்து கேட்போம்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. "நான் பாக்காததுக்கு எப்படி எழுத முடியும்?" என்றாள். இந்த விஷயத்தில் நான் பார்த்த முதல் நேர்மையான மறுப்பு அது. ஆனால் ஒரு வழி சொன்னாள். ரத்தத்தில் ஆன்டிபாடி பரிசோதனை செய்தால் போதும். நோய் வந்து போயிருந்தால் ரத்தமே காட்டிக்கொடுத்துவிடும், எந்தச் சாட்சியும் வேண்டாம்.

ரத்தம் கொடுத்தேன். முடிவு வந்தது. எதிர்ப்புசக்தி இருக்கிறது என்று மட்டும் அல்ல, ஏராளமாக இருக்கிறது என்று அச்சடித்த தாளில் வந்தது. அப்பா அதைப் பரீட்சை மார்க்கைக் காட்டுவதுபோல் தொழிற்சாலையில் எல்லாரிடமும் காட்டினார்.

அதைக் கொண்டுபோய்க் கல்லூரி மேஜையில் வைத்தேன். கிளார்க் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதில டோஸ் ஒண்ணு எவிடே, டோஸ் ரெண்டு எவிடே?"

"டோஸ் இல்ல சார். நோயே வந்ததுக்கான ரிப்போர்ட்."

"ஃபாரத்தில ரெண்டு கட்டம் உண்டு. ரெண்டுலயும் தேதி வேணும்."

சமூக மருத்துவ டாக்டர் அன்று தலையைத் தூக்கினார். தாளைப் பார்த்தார். அச்சடித்த எழுத்தைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "பாசிட்டிவ். இம்யூன்" என்று என்னிடமே எனக்குப் புதிய செய்தி சொல்வதுபோலச் சொன்னார். இரண்டு கட்டத்துக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு அதன் மேல் 'இயற்கை' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். கிளார்க் ஒரு ஃபாரத்தின் கற்பு போய்விட்டதுபோன்ற முகத்தோடு எழுதினார்.

நான் தற்காலிகத்திலிருந்து நிரந்தரமானேன். ஆனால் அறைதான் காலியில்லை. என் கட்டிலில் வேறொருத்தி வந்துவிட்டாள். அதனால் நோயாளி அறையிலேயே இருந்தேன். தனி அறை, தனிக் குளியலறை. பழகிவிட்டால் வசதிதான்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் அனாட்டமி வகுப்பில் சித்தூர்ப் பெண் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். இடைவேளையில் அவளைச் சுற்றி ஒரு மருத்துவக் குழு கூடியது. ஒருத்தி ஃபார்மலின் அலர்ஜி என்றாள். ஒருவன் கொசுக்கடி என்றான். மூன்றாமவன் கைபேசியில் தேடி, வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லி அவளை அழவைத்தான். நான் ஒரு கை தள்ளி நின்று பார்த்தேன். அப்படி நிற்க எனக்கு நல்ல பழக்கம் ஆகியிருந்தது. கழுத்தில் பனித்துளி மாதிரி மூன்று, காதுக்குப் பின்னால் இரண்டு.

"இது அம்மை" என்றேன்.

"எனக்கு எப்புடி வரும்? ரெண்டு டோஸும் போட்டாச்சு" என்றாள் அவள், காய்ச்சல் கண்ணோடு.

வார்டனும் அதையே சொன்னார். சமூக மருத்துவ டாக்டர் வந்து முதலில் ஃபைலைத் திறந்தார். சான்றிதழைப் படித்தார். பிறகு பெண்ணைப் பார்த்தார். மறுபடி சான்றிதழைப் பார்த்தார். "வாய்ப்பே இல்ல" என்றார். மறுநாள் அவள் முகத்தில் வைக்க இடமில்லாமல் கொப்புளங்கள் நின்றபோதுதான் காகிதத்தைவிட முகத்தை நம்ப அவருக்குத் துணிச்சல் வந்தது. ஊசி போட்டாலும் சிலருக்கு லேசாக வருவதுண்டு என்று பாடம் எடுத்தார். அவளுக்கு வந்திருந்தது லேசானது இல்லை.

வார்டன் ஓடிவந்தார். "மோளே, சீக்கிரம் சாமான் எடுத்துக்கோ. இந்த ரூம் வேணும்." நான் பெட்டியைக் கட்டி வராந்தாவில் வைத்தேன். அவளைக் கொண்டுவந்து என் கட்டிலில் படுக்கவைத்தார்கள். கொண்டுவந்தவர்கள் வாசலோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஆள் வேண்டியிருந்தது. அப்போதுதான் வேடிக்கை. அந்த விடுதியில் அத்தனை பெண்களிடமும் இரண்டு தவணைச் சான்றிதழ் இருந்தது. அத்தனை பேரும் அம்மை வர வாய்ப்பில்லாதவர்கள் என்று முத்திரையோடு எழுதியிருந்தது. ஒருத்திகூட அந்தக் கதவுக்குப் பக்கத்தில் வரவில்லை. தன் காகிதத்தின் மதிப்பு என்ன என்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருந்தது.

வார்டன் வராந்தாவில் என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் தட்டு.

"மோளே, நீ மட்டும்தானே உள்ள போகலாம்."

"நான் ஊசி போடாத பொண்ணாச்சே மேடம்" என்றேன்.

அவர் தட்டை நீட்டியபடியே நின்றார். உள்ளேயிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. அந்த இனிப்பு தீரும்வரை இன்னும் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் தட்டை வாங்கினேன்.

உள்ளே போனதும் அது தீர்ந்துவிட்டது. அவள் கண்ணிமையில்கூட இருந்தது. வாய்க்குள் இருந்ததால் விழுங்க முடியவில்லை. கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் கொடுத்தேன். மாத்திரை நேரத்தைப் பார்த்துக்கொண்டேன். சொறியக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்புள்ள, தழும்பு விழுமா?" என்றாள்.

"சொறிஞ்சா விழும். எனக்கு விழுந்துச்சு. நான் சொறிஞ்சேன்."

இன்னொரு ஸ்பூன் கஞ்சியை விழுங்கினாள். பிறகு தானாகவே சொன்னாள். "மாமா ஒரே இருப்புல ரெண்டு டோஸையும் எழுதிக் கொடுத்துட்டாரு. ஊசின்னா எனக்கு நெம்ப பயம். பொறவு போட்டுக்கலாம்னு சொன்னாரு. பொறவு மறந்தாச்சு."

சொல்லி முடித்துவிட்டு, "இதெல்லாம் எல்லாரும் பண்றதுதான்" என்றும் சேர்த்துக்கொண்டாள். அதுவும் உண்மைதான் என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. அவள் கூட இருந்தவளுக்கு வந்தது. எதிர் அறையில் மூன்று பேருக்கு. பையன்கள் விடுதியில் ஒரு தளம் முழுக்க. யாருடைய அப்பாவோ டாக்டர், யாருடைய சித்தியோ டாக்டர், அத்தனை பேருக்கும் வீட்டிலேயே கையெழுத்து இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த டாக்டர் இல்லாததால் நான் மட்டும் உண்மையை ரத்தத்தில் எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. சமூக மருத்துவ டாக்டர் அந்த வாரங்களில் நீண்ட விடுப்பில் போனார். அவருடைய தடுப்பூசிச் சான்றிதழை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவள் படுத்த மூன்றாம் நாளே அவள் வீட்டார் காரில் வந்தார்கள். உள்ளே வர அனுமதியில்லை, அனுமதித்திருந்தாலும் வந்திருப்பார்களா என்பது வேறு. டிக்கியைத் திறந்தால் ஒரு வேப்பமரமே இருந்தது. ஒரு குலை இளநீர். டாக்டர் மாமாவும் கூட வந்திருந்தார். வைரஸுக்கான மாத்திரையின் அளவை எனக்குச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், கோயிலுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருப்பதால் மெஸ்ஸில் கோழி சமைக்காமலிருக்க வார்டனிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார். எந்த டாக்டரும் எங்கள் லயத்து அத்தைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளை வேட்டிக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"அம்மணி, நீங்கதான் கூட இருந்து பாத்துக்கறீங்கன்னாங்க. நெம்பப் புண்ணியமுங்க. அவளுக்கு ஒண்டியா இருந்து பழக்கமில்லைங்க."

"கவலப்படாதீங்க" என்றேன். "லயத்துல நெருக்கியடிச்சு இருந்து பழக்கம்ங்க எனக்கு. பாத்துக்குவேன்."

அவர் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு கீழே குனிந்து வேப்பிலைக் கட்டை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காக நான் எத்தனை தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. சொல்லியபிறகு நினைத்த அளவுக்கு ருசியாக இல்லை.

கல்லூரி விழித்துக்கொண்டது. ஃபைல்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அம்மை வராத அத்தனை பேருக்கும் தங்கள் கண்முன்னாலேயே ஊசி போடுவதாக முடிவு செய்தார்கள். வகுப்பின் வாட்டசாட்டமான பையன்கள் இரண்டு பேர் ஊசியைப் பார்த்தே மயங்கி விழுந்தார்கள். முதல் உள்தேர்வு தள்ளிப்போனது. அதற்காக மட்டும் எல்லாரும் அம்மைக்கு நன்றி சொன்னார்கள்.

கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்ததும் அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். அவள் அம்மா கைபேசியில் படமாக நின்று ஒவ்வொரு குவளைக்கும் உத்தரவு கொடுத்தாள். வார்டன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, தனக்கும் கொஞ்சம் அந்த இலை வேண்டும் என்று வாங்கிப் போய்த் தன் அறைக் கதவில் செருகிக்கொண்டார்.

அடுத்து யார் எந்த அறை என்று பேச்சு வந்தபோது அவள் தன் பழைய அறைக்குப் போகவில்லை. மாடியில் காலியான ஓர் அறையைப் பார்த்து வைத்திருந்தாள். என் பெட்டியை அவளே தூக்கினாள். வீட்டில் கேட்டாயா என்றேன். எதுக்குக் கேக்கோணும் என்றாள்.

கட்டிலில் விரிப்பைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அன்னிக்கு எங்கப்பா வார்டன்கிட்டப் பேசுனது ஒனக்குக் கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு."

"கோவம் வந்துச்சா?"

"வந்துச்சு. இன்னும் போகல."

அவள் தலையணையை உறைக்குள் திணித்தாள். அது கோணலாகப் போனது. வெளியே எடுத்து மறுபடி திணித்தாள்.

"நானும் அங்கதான் நின்னேன்" என்றாள். "ஒண்ணும் சொல்லல."

நான் ஜன்னலோரக் கட்டில் எனக்கு வேண்டும் என்றேன். எடுத்துக்கோ என்றாள்.